கதிரேசன் பேரில் போட்டது

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. பொண்ணுக்கு அக்கான்னு நீங்க சொல்றதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போட்டோல உங்க தங்கச்சிக்கும் இதே நெத்திதான். கதிரேசன் கடைக்குப் போயிருக்கான். மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. நீங்க அங்கேயும் ஒரு எட்டு பாத்துட்டுத்தான் வந்திருப்பீங்க. பாக்கணும். விசாரிக்காம பொண்ணு குடுக்க முடியுமா? நானா இருந்தாலும் இப்படித்தான், சொல்லாம கொள்ளாம, பையன் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்திருப்பேன்.

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

மங்கையைப் பத்திக் கேட்டீங்க. மங்கையர்க்கரசின்னு முழுப்பேரு, கதிரேசனுக்கு மொதல்ல கட்டி வச்சவ. அவளைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டேன். கோர்ட்ல எல்லாம் முடிஞ்சு போச்சு, இனிமே அவ யாரோ நாங்க யாரோ. பேசி என்ன ஆகப்போகுது? காப்பில சக்கரையை அள்ளிப் போடுவா. தலை துவட்டுன துண்டைக் கட்டில் மேலேயே போட்டுட்டுப் போயிடுவா. கூப்பிட்டா "ம்"முனு ஒரு சத்தம் வரும், அதுக்கு மேல வராது. மத்தபடி அவளைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

பிரிஞ்சதுக்குக் காரணம் கபடிதான். வேற ஒண்ணுமில்ல. அவ ஒரு ஸ்கூல்ல பி.டி. டீச்சர். அதுல எங்களுக்கு என்ன? நல்ல வேலைதான். ஆனா கபடிக்கு நடுவரா போறேன்னு கிளம்பினா. அதுக்குப் பரீட்சை எல்லாம் இருக்காம், எழுதிப் பாஸும் பண்ணிட்டா. சனி, ஞாயிறு வந்தா ஊர் ஊரா போயிடுவா. பொம்பளைப் பிள்ளைங்க ஆடுறதுக்குப் போனாலும் பரவால்ல. ஆம்பளைங்க ஆட்டத்துக்கு, தொடை தெரிய நிக்கிறவனுங்களுக்கு நடுவுல, வாயில விசில வச்சுக்கிட்டு! கதிரேசனுக்குப் பிடிக்கல. பிடிக்கலைன்னு வாயத் திறந்து சொல்லவும் மாட்டான், அவ்வளவு நல்ல பையன். பேசாம இருப்பான். வாரக்கணக்கா பேசாம இருப்பான். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் சோத்துத் தட்டு கை தவறிடுச்சு. சாம்பாரெல்லாம் அந்தச் சுவத்துல. அந்தக் காலண்டர் தொங்குதுல்ல, அங்க.

பெரியவங்களை வச்சுப் பேசினப்ப அவ அண்ணன் கேட்டான், கை தவறுன தட்டு அவ்வளவு தூரம் போகுமான்னு. நான் சொன்னேன், நான் பக்கத்துலதான் நின்னேன், கை தவறித்தான் விழுந்துச்சுன்னு. பெத்தவ சொல்லும்போது அப்புறம் யாரு என்ன பேச முடியும்? எல்லாரும் சரின்னுட்டாங்க. அவ மட்டும் என்னையே பாத்துக்கிட்டு நின்னா. இல்லைன்னு சண்டை போட்டிருக்கலாம்ல? போடல. பொட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா. அதான் சொல்றேன், அழுத்தக்காரி.

முறுக்கு எடுத்துக்கோங்க. கடையில வாங்கினதுதான்.

அதோட விட்டுப் போச்சுன்னு நினைச்சேன். கபடின்னா என்னன்னே எனக்குத் தெரியாது அப்போ. ரெண்டு பக்கமும் ஆளுங்க நிப்பாங்க, ஒருத்தன் பாடிக்கிட்டுப் போவான், பிடிப்பாங்க, மண்ணு பறக்கும். இப்ப மண்ணு கிடையாது, மெத்தை மாதிரி ஒண்ணு விரிச்சிருக்காங்க. அதுகூட எனக்குத் தெரியாது.

இந்தக் கோடைலதான், எதிர்வீட்டு லில்லிபுஷ்பம் ஓடி வந்தா. "அக்கா, உங்க மருமக போன்ல வர்றா!"ன்னா. எந்த மருமகன்னு கேட்டேன். எனக்கு எத்தனை மருமக? ஆனாலும் கேட்டேன். தெற்குச் சீமை கபடி லீக்குன்னு புதுசா ஆரம்பிச்சிருக்காங்களாம், அதுல இவ நடுவராம். லில்லி போன்ல வெறும் போட்டோதான் இருந்துச்சு. ஆட்டத்தைப் பாக்கணும்னா அந்த ஆப்பு வேணும், அதுக்குச் சந்தா கட்டணும். கதிரேசன் கிரிக்கெட்டுக்காக ஏற்கெனவே கட்டி வச்சிருந்தான். நான் சீரியல் பாக்கட்டும்னு அதையே என் போன்லயும் திறந்து குடுத்திருந்தான். பாசமான பையன், அதுல எல்லாம் குறை சொல்ல முடியாது. தேடிப் பாத்தா சீரியலுக்கு ரெண்டு விரல் கீழேயே கபடி இருக்கு. இவ்வளவு நாளா தெரியல.

நான் பாக்க ஆரம்பிச்சது எதுக்குன்னு தெளிவா சொல்லிடறேன். அவ தப்புப் பண்றதைப் பாக்கத்தான். வீட்ல ஒரு சட்னி ஒழுங்கா அரைக்கத் தெரியாதவ அங்க போயி என்னத்தக் கிழிக்கிறான்னு பாக்கணும், கதிரேசன்கிட்ட சொல்லணும். அவ்வளவுதான் எண்ணம்.

மொத நாள் ஆட்டத்துல ஒருத்தன் பாடிட்டுப் போயி எவனையோ தொட்டுட்டேன்னு கையத் தூக்கினான். இவ தலையாட்டினா, இல்லைன்னு. பாரு, ஆரம்பிச்சிட்டான்னு நினைச்சேன். அவனுங்க கேப்டன் வந்தான். ஆறடி இருப்பான், தாடி, கைபூரா பச்சை குத்தியிருந்தான். இவ முன்னாடி கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னு பேசினான். இவ அமைதியா ஏதோ சொன்னா. அப்புறம் மெதுவா ஓட்டிக் காட்டினாங்க, அதே ஆட்டத்தை. விரலுக்கும் முட்டிக்கும் நடுவுல ஒரு நூல் போகுற இடம் இருந்துச்சு. தொடல. நான் அதைக் கணக்குல சேக்கல. ஒரு தடவை எல்லாருக்கும் சரியா வரும்ல?

அடுத்த நாளும் பாத்தேன். அதுக்கு அடுத்த நாளும் பாத்தேன். தப்புக் கண்டுபிடிக்கணும்னா ரூல் தெரியணும்ல? வர்ணனை பண்றவங்க சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டேன். போனஸ் கோடுன்னா என்ன, மூணு பேர் மட்டும் இருக்கும்போது பிடிச்சா எதுக்கு ரெண்டு பாயிண்டு, பாட்டை விட்டா என்ன ஆகும். பருப்பு வேகவச்சுக்கிட்டே கேட்பேன். பருப்பு அடி பிடிச்சதும் உண்டு.

சாயங்காலம் ஆறதுக்குள்ள நெட்டு தீர்ந்துபோகும். அதனால காலைல எல்லாருக்கும் அனுப்புற வணக்கத்தை நிறுத்திட்டேன். என் தங்கச்சி போன் பண்ணி, உடம்புக்கு என்னன்னு கேட்டா. சீரியலையும் விட்டுட்டேன். அதுல அந்தப் பொண்ணு கோமால கிடந்தா, எழுந்தாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உள்ள உக்காந்தா படம் நின்னு நின்னு வரும், வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். மொட்டைமாடில தண்ணித் தொட்டி பக்கத்துல போயி நின்னா நல்லா வரும். வடகம் காயப்போடுற மாதிரி போயி நிப்பேன்.

இதுல லில்லி ஒரு தொந்தரவு. அவ போன்ல ஸ்கோரு மட்டும் போடுற ஆப்பு ஒண்ணு இருக்கு, காசு கிடையாது. படம் வராது, நம்பர் மட்டும் மாறும். ஆனா அது நம்ம படத்தைவிட முந்தி வந்துடும்! இங்க ஒருத்தன் இன்னும் பாடிக்கிட்டே இருப்பான், எதிர்வீட்ல இருந்து "அக்கா, பிடிச்சிட்டாங்க!"ன்னு கத்துவா. காசு கட்டிப் பாக்குறவளுக்குப் பின்னாடி வருது, கட்டாதவளுக்கு முன்னாடி வருது. இதை யார்கிட்டப் போயிச் சொல்றது?

தப்பா? இருங்க, சொல்றேன். ஒண்ணும் சிக்கல. ஒரு தடவை சிக்குச்சுன்னு நினைச்சேன். ஒருத்தன் கோட்டை மிதிச்சான், இவ விட்டுட்டா. நான் மாடியில நின்னு "மிதிச்சான் மிதிச்சான்"னு கத்துறேன், பக்கத்து மாடியில துணி எடுக்க வந்தவ கீழ இறங்கிப் போயிட்டா. அப்புறம் வர்ணனைல சொல்றான், அவனைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கும்போது அந்தக் கோட்டுக்குக் கணக்கு இல்லையாம். இவளுக்கு அது தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒண்ணு மட்டும் எனக்கு ஆச்சரியம். வீட்ல "ம்"முக்கு மேல பேசாதவ, அங்க விசில் ஊதினா கூட்டம் பூரா அடங்குது. கையை ஒரு பக்கம் நீட்டினா ஏழு ஆம்பளைங்க அந்தப் பக்கம் போறாங்க. யார்கிட்டயும் சத்தம் போடல. நான் கதிரேசன்கிட்ட இதையெல்லாம் சொல்லல. அவன் வர்ற வண்டிச் சத்தம் கேட்டா சமையல் குறிப்புக்கு மாத்திடுவேன். "என்னம்மா, நெட்டு இவ்வளவு போகுது?"ன்னு ஒரு நாள் கேட்டான். பாயசம்னேன்.

அப்புறம் வந்துச்சு அந்த அரையிறுதி.

வைகை வேங்கைகளுக்கும் கொல்லிமலைக் காளைகளுக்கும். வேங்கைகள்னா நம்ம பக்கத்து டீம். ஊரே அவங்க பக்கம்தான், நானும்தான். ஆட்டம் முடியப்போகுது, நம்ம ஆளுங்க கொஞ்சம் முன்னாடி இருக்காங்க. கொல்லிமலைக்காரன் ஒருத்தன் பாடிக்கிட்டு வந்தான். நல்ல ஆட்டக்காரன், பாம்பு மாதிரி. நம்ம பசங்க அவனை ஓரங்கட்டினாங்க. அவன் பின்வாங்கிப் பின்வாங்கி லாபில கால வச்சிட்டான்.

லாபின்னா தெரியாதுல்ல? களத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு பட்டை மாதிரி இருக்கும், வேற கலர்ல. பாட வந்தவன் யாரையாவது தொட்டா, இல்ல அவனை யாராவது பிடிச்சா, அதுக்கப்புறம்தான் அந்தப் பட்டையில கால் வைக்கலாம். தொடாம வச்சா அவுட். பாட வந்தவனும் அவுட்தான், அவனைத் துரத்திக்கிட்டுப் போயி கால் வச்சவனும் அவுட்தான். இதான் ரூலு.

இவன் யாரையும் தொடல, உள்ள போயிட்டான். அங்கேயே அவன் கதை முடிஞ்சது. நம்ம பசங்க சும்மா நின்னிருந்தா ஜெயிச்சிருப்பாங்க. நிக்கல. நாலு பேர் ஒண்ணா பாஞ்சு அவனை அப்படியே தூக்கி லாபிக்குள்ளயே போட்டு அமுக்கிட்டாங்க. கூட்டம் எந்திரிச்சு ஆடுது. வர்ணனைக்காரன் தொண்டை கிழியக் கத்துறான். நான் பாத்தேன். நாலு பேர் காலும் அந்தப் பட்டைக்குள்ள.

மங்கை விசில் ஊதினா. பாட வந்தவன் அவுட்டுன்னு கையக் காட்டினா. அப்புறம் திரும்பி நம்ம பசங்க நாலு பேரையும் ஒவ்வொருத்தனா காட்டி, நீயும் வெளிய, நீயும் வெளிய, நீயும், நீயும்னா.

மேல்முறையீடு கேட்டாங்க. டிவி நடுவர் பாக்கணும்னாங்க. அந்த நேரம் பாத்து விளம்பரம் போட்டான், ஒரு சிமெண்டுக்கு. வீடு இடியாதாம். அது முடிஞ்சதும் வட்டம் சுத்த ஆரம்பிச்சது. தண்ணித் தொட்டியை ஒரு சுத்து சுத்தி வந்தேன், அந்த வட்டம் நிக்கல. அப்போ லில்லி வீட்ல இருந்து சத்தம் வருது, "அக்கா, நாலு பாயிண்டும் கொல்லிமலைக்குப் போயிடுச்சு! நம்ம ஆளுங்க காலி!"

அந்த ஒரு தடவைதான் அவ முந்திச் சொன்னது எனக்குக் கோவம் வரல. மங்கை சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு.

படம் திரும்ப வந்தப்ப ஆட்டம் முடிஞ்சிருந்துச்சு. பக்கத்துல ஜனங்க எழுதுறது ஓடும்ல, கமெண்டு, அது ஆத்து வெள்ளமா ஓடுது. படிக்க முடியல, படிக்கிற மாதிரியும் இல்ல. காசு வாங்கிட்டான்னு ஒருத்தன். சமைக்கப் போடின்னு ஒருத்தன். இவளைக் கட்டினவன் பாவம்னு ஒருத்தன். இவளை இறுதி ஆட்டத்துல விடக்கூடாது, தூக்குங்கன்னு அதையே திரும்பத் திரும்ப எழுதுறாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மருமகளுக்காக இல்ல. அவதான் மருமகளே இல்லையே. ரூல் தெரியாம பேசுறாங்களேன்னுதான். எனக்கு எழுத வராது, எழுத்தைத் தேடுறதுக்குள்ள வெள்ளம் போயிடும். மைக்கு மாதிரி ஒரு படம் இருக்கும்ல, அதை அமுக்கிட்டுப் பேசினேன். அது பாட்டுக்கு எழுதிக்கிச்சு. "நாலு பேரும் லாபிக்குள்ள கால வச்சாங்க, நான் பாத்தேன், அவ சொன்னது சரி"ன்னு சொன்னேன். அந்தப் படுபாவி போனு லாபியை காபின்னு எழுதிடுச்சு. நாலு பேரும் காபிக்குள்ள கால வச்சாங்க! எல்லாவனும் சிரிக்கிறான். நான் விடல. திரும்பவும் சொன்னேன், திரும்பவும் காபிதான். சமைக்கப் போடின்னவனைக் கூப்பிட்டு, "உங்கம்மா போட்ட சோத்தைத் தின்னுட்டுத்தானேடா எழுதுறே"ன்னேன். அதை மட்டும் சரியா எழுதுச்சு. ஆப்பே அலுத்துப்போயி, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கன்னு சொல்ற வரைக்கும் போட்டேன்.

இதுல எனக்குத் தெரியாதது ஒண்ணு. அந்த ஆப்பு கதிரேசன் கணக்குல ஓடுது. நான் சொன்னதெல்லாம் கதிரேசன்னு பேரு போட்டு, அவன் கூலிங்கிளாஸ் போட்ட போட்டோவோட போயிருக்கு.

மறுநாள் மத்தியானமே வந்துட்டான். சாப்பிட வர்ற நேரம் இல்ல. கடையில காயில் கட்ட வந்தவங்க எல்லாம், "என்னப்பா, காபில கால வச்சியா? விட்ட பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்குறியாமே?"ன்னு கேட்டிருக்காங்க. பாவம், அவனுக்கு ஒண்ணும் புரியல. யாரோ போனைக் காட்டியிருக்காங்க.

அவன் கத்தல. கொஞ்சம் சத்தமாப் பேசினான். லில்லி வீட்டுக்குக் கேட்டிருக்கு, அதுக்கு அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கு.

"அம்மா, போனைக் குடு."

"எதுக்குடா?"

"குடுன்னா குடு. நீ யாரு பக்கம்? என்னை இந்த ஊர்ல தலை நிமிர விடாமப் பண்ணிட்டுப் போனவளுக்குப் போயி நீ..."

"அவளுக்கு இல்லடா. ரூலுக்கு."

"என்ன பெரிய ரூலு?"

சொல்லித்தான் பாப்போமேன்னு, இந்த ஹால்லயே காட்டினேன். இந்தப் பாய் களம்னு வச்சுக்கோ. பாய்க்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிறது லாபி. நீ பாட வந்தவன். யாரையும் தொடல, ஆனா தாண்டி வந்து கால வச்சுட்டே, நீ அவுட். இப்ப நான் உன் பின்னாடியே வர்றேன் பாரு, உன்னைத் துரத்திக்கிட்டு. கால வச்சுட்டேன். நானும் அவுட். இதைத்தான்டா அவ சொன்னான்னேன்.

ரெண்டு பேரும் அந்தக் காலண்டர் பக்கத்துல நிக்கிறோம். அவன் தன் காலைப் பாத்தான். நானும் என் காலைப் பாத்துக்கிட்டு நின்னேன். என்னமோ மாதிரி இருந்துச்சு.

அப்புறம் போனை வாங்கி அந்த ஆப்பை எடுத்துட்டான். கண்ணு கெட்டுப்போகும்னு எடுத்துட்டான். போனை மேசை மேல மெதுவாத்தான் வச்சான், அதையும் சொல்லணும். இந்தத் தடவை எதுவும் கை தவறல. அதுக்கப்புறம் என்கிட்டப் பேசல. இன்னும் பேசல. உங்களைப் பத்தி, பொண்ணைப் பத்தி எல்லாம் தரகர்தான் எனக்குச் சொன்னாரு.

அவன் பேசாம இருக்கிறது எனக்குப் புதுசு. பாத்திருக்கேன், அவகிட்ட இருந்ததை. அப்போ அது ஒண்ணும் பெருசாத் தெரியல. சமையல்கட்டுல பாத்திரம் எடுத்தா அது நமக்கே சத்தமாக் கேக்குது. சோறு போட்டா சாப்பிட்டுட்டு எழுந்து போயிடறான், உப்பு இருக்கா இல்லையான்னு தெரியல. ரெண்டாவது வாரத்துல நான் காலண்டர்கிட்டப் பேச ஆரம்பிச்சிட்டேன்.

இறுதி ஆட்டம் எனக்கு இல்லைன்னு ஆயிடுச்சு. லில்லி வீட்டுக்குப் போனேன். "வாங்கக்கா, நம்மகிட்ட இருக்கிறது நம்பர்தான்"னா. ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்து அந்த நம்பரையே பாத்தோம். ஒரு பக்கம் மாறுது, அப்புறம் இன்னொரு பக்கம் மாறுது. யாரு ஜெயிக்கிறான்னு எனக்கு வேண்டியதில்ல. மங்கையை விட்டாங்களா, தூக்கிட்டாங்களா? அதான் எனக்குத் தெரியணும். அதை மட்டும் அந்த ஆப்பு போட மாட்டேங்குது. ஆடுறவன் பேரெல்லாம் போடுறான், அவன் உயரம் எடை வரைக்கும் போடுறான், நடுவர் பேரு எங்கேயும் இல்ல. "லில்லி, கீழ தள்ளு"ன்னேன். தள்ளினா. "இன்னும் தள்ளு." கடைசி வரைக்கும் தள்ளிட்டா, ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு நம்பர் மாறும்போதும், இது அவ ஊதுன விசிலா இருக்குமோன்னு நினைச்சேன். லில்லி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எதுக்குப் பிடிச்சான்னு தெரியல.

மறுநாள் காலைல போன் வந்துச்சு. போன்லயே காட்டுது, மங்கைன்னு. அவ நம்பரை அழிக்கத் தெரியாம விட்டு வச்சிருந்தேன். அழிக்கத் தெரியும், லில்லி சொல்லிக் குடுத்தா. நான்தான் செய்யல.

"அத்தை, நல்லாருக்கீங்களா?"

"யாரு?"ன்னேன்.

"மங்கை பேசுறேன். காபிக்குள்ள கால வச்சாங்கன்னு போட்டது நீங்கதானே?"

"கதிரேசன் பேருதானம்மா போட்டிருந்துச்சு."

அவ சிரிச்சா. இந்த வீட்ல இருந்த வரைக்கும் அவ சிரிச்சு நான் கேட்டதில்ல. "அத்தை, அவருக்கு லாபின்னா என்னன்னு தெரியாது. அப்படியே தெரிஞ்சாலும் நான் சொன்னது சரின்னு எழுத மாட்டாரு"ன்னா.

எனக்குப் பேச்சை மாத்தணும். "நேத்து நீதானா?"ன்னு கேட்டேன்.

"நான்தான் அத்தை. முழு ஆட்டமும்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"புகார் போச்சு. கமிட்டில வீடியோவைப் போட்டுப் பாத்தாங்க. நாலு பேர் காலும் உள்ளதான்னு சொல்லிட்டாங்க."

"அது எனக்குத் தெரியும். நான்தான் பாத்தேனே"ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. சிக்னல் போயிடுச்சுன்னு நினைச்சு மாடிப்படி ஏறிட்டேன். பாதிப் படில பேசினா. "ஆமா அத்தை. நீங்க எப்பவுமே பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க"ன்னா. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நான் அந்தப் படிலேயே உக்காந்துட்டேன்.

"கதிரேசனுக்கு வேற இடம் பாக்குறோம்"னு சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல.

"நல்லது அத்தை"ன்னா. அப்புறம், "யாராவது விசாரிக்க வந்தாங்கன்னா, நடந்ததைச் சொல்லிடுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்"ன்னா. லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்திருப்பாங்க போல, அங்க மணி அடிச்சது. வச்சிட்டா.

அதான் சொன்னேன் இவ்வளவு நேரம். நீங்க ஒரு வரிதான் கேட்டீங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டேன். காப்பி ஆறிப்போச்சு பாருங்க, சுட வச்சுத் தரவா?

பையன் எப்படின்னு கேக்குறீங்களா? நல்ல பையன்மா. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, தொழில்ல கெட்டிக்காரன். எங்க போயி வேணும்னாலும் கேளுங்க, இதையேதான் சொல்லுவாங்க. நானும் இதையேதான் சொல்லுவேன்.

நான் ஒண்ணு கேக்கலாமா? உங்க தங்கச்சி ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குறான்னு தரகர் சொன்னாரு. ஷிப்டு மாறி மாறி வருமோ? ஞாயித்துக்கிழமையும் கூப்பிடுவாங்களா? அப்படியா. அந்த வேலை அவளுக்குப் பிடிச்சிருக்கா? உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது, ரொம்பப் பிடிச்சுத்தான் போறா.

அப்ப வேண்டாம்மா.

ஏன்னு கேக்காதீங்க, எல்லாம் சொல்லிட்டேன். பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. நெத்தி எவ்வளவு லட்சணமா இருக்கு. அவளை இங்க அனுப்பாதீங்க, அவ்வளவுதான்.

வீட்ல கேட்டா என்ன சொல்லப்போறீங்க? ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிடுங்க, யாருக்கும் மனசு நோகாது. என் பேரு வெளிய வர வேண்டாம். அவன் காதுக்குப் போச்சுன்னா அப்புறம் இந்த வீட்ல எனக்கு... இருங்க. வேண்டாம், அப்படிச் சொல்லாதீங்க. பாவம், ஜாதகம் என்ன பண்ணுச்சு? பையனோட அம்மாவே வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க. தரகர்கிட்டயும் அப்படியே சொல்லுங்க, கதிரேசன் வந்து கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. என் பேரு சொர்ணத்தாய். சும்மா அம்மா சொன்னாங்கன்னு சொல்லிட்டா நாளைக்கு யாரு எவருன்னு ஆயிடும். சொர்ணத்தாய்னு பேரைச் சொல்லியே சொல்லுங்க.